ஆளுக்கு இருபது மூச்சு

மனித உயிர் பொய் சொல்வதில்லை. தன் நிலையை நான்கு எண்களில் ஒவ்வொரு கணமும் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. லிங்கராஜபுரத்தில் நர்ஸிங் ஹோம் நடத்திவந்த டாக்டர் வெங்கடகிருஷ்ணன் இந்த வாசகத்தைத் தானே யோசித்து, பித்தளைத் தகட்டில் பொறித்து, ஆண்கள் வார்டில் மாட்டியிருந்தார். தகட்டுக்கு அடியில் ஒரு மேஜை. அதில் உட்கார்ந்தபடியேதான் நர்ஸ்கள் ஆறு நோயாளிகளுக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. நான்கையும் சார்ட்டில் எழுதுவார்கள். மூச்சு, நிமிஷத்துக்கு இருபது. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவருக்கும் இருபது, ஆஸ்துமாவுக்கு வந்தவருக்கும் இருபது.

1997இல் தரச் சான்றிதழ் வழங்க அதிகாரிகள் வரும் நாளில், சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமை நர்ஸ் மௌரீன் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு, மாலை ஆறு மணி வரைக்கும் காலையிலேயே எழுதிவிடும்படி வார்டு நர்ஸ் அல்போன்சாவிடம் சொன்னாள். எல்லாமே நார்மலாக இருந்தால் சந்தேகம் வருமே என்று, மூன்றாம் கட்டில் கோவிந்தப்பாவுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு அழகுக்காக நூறு புள்ளி இரண்டு காய்ச்சல் வைத்தாள் அல்போன்சா. கடைசியாக ஆறாம் கட்டில் ஓஸ்வால்ட். நெஞ்சுச் சளிக்கு வந்தவர். அவருடைய ஆறு மணிக் கட்டத்துக்கு வரும்போது அதிகாரிகளை வரவேற்கப் பூங்கொத்து பிடிக்கக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு கட்டம் காலியாகவே நின்றது.

பதினொரு மணிக்கு வந்த அதிகாரிகள் மாலைக் கட்டங்களும் நிரம்பியிருப்பதைப் பார்த்து, 'தாமதமற்ற பணி' என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மணிக்குக் கோவிந்தப்பா குளிருகிறது என்று கன்னடத்தில் முனகினார். அல்போன்சா தெர்மாமீட்டர் வைத்தாள். நூறு புள்ளி இரண்டு. மற்றவர்களுக்கும் வைத்துப் பார்த்தாள். பி.பி.யும் பார்த்தாள். ஆறு பேருக்கும் காலையில் எழுதியதே வந்தது, ஒரு புள்ளி பிசகாமல். நிமிர்ந்தபோது வார்டில் மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஆறு நெஞ்சும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

மௌரீனிடம் ஓடிச் சொன்னாள். சார்ட் சரியாக இருந்தால் அதில் என்ன குறை என்று கேட்டாள் மௌரீன். டாக்டரோ, இதைத்தான் தரம் என்பது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அதற்குப் பிறகுதான் அல்போன்சா காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்தாள். எழுதியது நடக்கிறது. எழுதாதவருக்கு ஆறு மணிக்கு என்ன நடக்கும்?

நாலு தடவை பேனாவை எடுத்தாள். இருபது என்று எழுதினால் ஓஸ்வால்ட் இருப்பார்தான், ஆனால் மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து யாருடைய மூச்சையோ விட்டுக்கொண்டு இருப்பார். எழுதாமல் விடவும் பயமாக இருந்தது.

ஆறு அடித்தது. ஐந்து நெஞ்சு ஏறின. ஆறாவது ஏறவில்லை.

"இன்னாம்மா நின்னுனே இருக்கே? இருபது போட்டுட்டு வா," என்றாள் மௌரீன், மேஜையில் இருந்தபடியே. "அந்த அங்கிளுக்குத் தினமும் இருபதுதானே."

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. அப்போது ஓஸ்வால்ட் கண்ணைத் திறந்தார். உதடு நீலமாக இருந்தது.

"எழுதாதீங்க சிஸ்டர்," என்றார். "எண்ணுங்க. வந்த நாள்லேர்ந்து ஒருத்தரும் எண்ணலை."

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வந்தது. மற்றவர்களோடு சேராத மூச்சு. மேலோட்டமாக, வேகவேகமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அல்போன்சா பேனாவைப் போட்டுவிட்டு ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வந்து, முகத்தில் மாஸ்க்கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. மூன்றாம் கட்டிலில் கோவிந்தப்பா இருமினார். அந்த இருமலில் மற்றவர்களும் தடம் மாறி, அவரவர் மூச்சை அவரவர் விடத் தொடங்கினார்கள்.

ஓடிவந்த டாக்டர் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று கேட்டார். அல்போன்சா முதல் தடவையாக எண்ண உட்கார்ந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மௌரீனுடையதைப் பார்த்தாள். டாக்டர் தன் வெளிநாட்டுக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். வரவேற்பறைச் சுவர்க் கடிகாரத்தையும் இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

ஒன்றிலும் நொடி முள் இல்லை.