மூன்று ஷிப்டும் ஒரே படத்தில்

இருங்காட்டுக்கோட்டையில் அம்சவல்லி அக்கா வீட்டு மாடி அறையில் கம்பெனி வேலைக்கு வந்த நாங்கள் மூன்று பேர் நான்கு வருடம் இருந்தோம். ஆனால் சேர்ந்து இருந்த நேரம் குறைவு. அன்னக்கிளி அக்காவுக்குக் காலை ஷிப்டு என்றால் பாண்டிச்செல்விக்கு மதியம், எனக்கு இரவு. ஒருத்தி எழுந்த பாயில் இன்னொருத்தி படுப்பாள். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்டு, யார் சோறு வைப்பது என்று எழுதிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். ஷிப்டு மாறும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மூவருக்கும் ஒரே பானைச் சோறு.

அப்படி ஒரு ஞாயிறு, அன்னக்கிளி அக்கா வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். மாலை ஆறு மணிக்குக் கோவில்பட்டி பஸ்.

“நாலு வருசமாச்சு, நாம மூணு பேரும் இருக்க மாதிரி ஒரு போட்டோ இல்லயேட்டி,” என்றாள்.

கீழே போய் வீட்டுக்காரம்மா அம்சவல்லியின் டிஜிட்டல் காமிராவை வாங்கி வந்தேன். அவரும் பின்னாலேயே ஏறி வந்தார். “பேட்டரி கொஞ்சந்தான் கீது. சீக்கிரம் எட்துக்கோங்க.”

முதலில் பாண்டிச்செல்வி எங்கள் இருவரையும் எடுத்துப் பார்த்தாள். மூன்று முறையும் முகம் கலங்கல்.

“இன்னாம்மா, நீ அடிக்கிற அடில காமிராவே வுழுந்துடும் போலகீதே!” என்று வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

அப்போதுதான் அவள் கையைக் கவனித்தேன். பாண்டிச்செல்விக்குத் தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் வேலை. இரண்டு பொத்தான்களை இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அடித்தால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே சிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. தயங்கித் தொட்டால் மெஷின் நின்றுவிடும். நான்கு வருடம் அடித்துப் பழகிய கை, காமிராவையும் அடித்தது.

“இந்தப் பொத்தானப் பாதி அமுக்கி நிறுத்தணும்ட்டி. அப்பதான் காமிரா முகத்தத் தேடிப் பிடிக்கும். பச்சைக் கட்டம் வந்தப்புறம் மீதிய மெதுவா அமுக்கு,” என்றேன்.

இன்னொரு சிக்கல் வெளிச்சம். அறை இருட்டாக இருந்தால் காமிரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கும். அதற்குள் கை ஆடினால் அந்த ஆட்டமும் படத்தில் விழும். கதவை அகலத் திறந்து, வெயில் விழும் சுவரோரம் அக்காவை நிற்க வைத்தேன். வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் அரிசிப் பையை அமுக்கி, பள்ளத்தில் காமிராவை உட்கார வைத்தேன். அரிசி அதை அசையாமல் பிடித்துக்கொண்டது. டைமரைப் பத்து நொடிக்கு வைத்தேன். பேட்டரி விளக்கு சிவப்பில் மினுங்கியது.

“நீயே அமுக்கு தங்கமாரி,” என்றாள் அக்கா என்னிடம்.

“இவ்வளவு நேரம் கெடுத்தது நானு. நானே அமுக்குதேன்,” என்றாள் பாண்டிச்செல்வி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பாதி. பச்சைக் கட்டம். விரல் அங்கேயே நின்றது, அடிக்கவில்லை. மீதியும் இறங்கியது. ஓடி வந்து அக்காவின் மறுபக்கம் நின்று, அடித்து அடித்துக் காய்த்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“எதுக்குட்டி கைய மறைக்க?” என்றாள் அக்கா.

“சும்மா இரு, எண்ணுதேன்...”

படம் விழுந்ததும் காமிரா அணைந்துவிட்டது. சார்ஜ் போட்டுப் பார்க்கும்போது அக்காவின் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியிருந்தது. மறுநாளே பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினோம்.

என் பிரதி இன்னும் பெட்டியில் இருக்கிறது. அக்கா சிரிப்பை அடக்கியதில் விழுந்த கன்னக்குழிகூடத் தெரிகிறது. எங்கள் தலைக்கு மேலே சுவரில் அந்தத் தாளும் அவ்வளவு தெளிவு. எழுத்தை வாசிக்கலாம். அடுத்த வாரத்துக்குக் காலை தங்கமாரி, இரவு பாண்டிச்செல்வி. மதியத்துக்கு நேரே யார் பெயரும் இல்லை.