லாரிக்காரர் பார்த்த நிகழ்ச்சி

லாரிக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பதினோரு வருஷமாக ஒரே பொய்யைக் கட்டிக் காப்பாற்றி வந்த மகானுபாவர் அவர்.

அவருடைய வீட்டம்மா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். அந்த முரட்டுத் துணியில் ஊசி ஏற்ற ஆம்பளைங்களே முக்குவார்கள், இவர் முகம் சுளிக்காமல் தைப்பார். கேள்விப்பட்ட உள்ளூர் டிவிக்காரர்கள் ஒரு மத்தியானம் நேரலையில் பேட்டி எடுத்தார்கள். அன்றைக்கு லாரிக்காரருக்கு வெளியூர் லோடு. "வழியில எங்கயாவது நிறுத்திப் பார்த்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்தவர், ராத்திரி முழுக்க ஓட்டிய அலுப்பில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குறட்டை விட்டார். மறுநாள் வீட்டு வாசலிலேயே, "பார்த்தேன். பிரமாதம்!" என்று ஒரு போடு போட்டார்.

வீட்டில் டிஸ்க் ரெக்கார்டர் இருந்தது. வீட்டம்மா அதில் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போனதால் நிகழ்ச்சி பதிவாகியிருந்தது. ஆனால் இவர் எந்த மூஞ்சியோடு போய்ப் போடச் சொல்வார்? ஒருதரம் ஜாடையாகக் கேட்டதற்கு, "நீங்கதான் பார்த்தாச்சே" என்று பதில் வந்தது. மெஷினை இயக்கவும் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும்.

இப்போது பொண்ணுக்கு வரன் அமைந்திருக்கிறது. சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். "அம்மா டிவியில வந்தாங்களாமே, நாங்களும் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மெஷினைப் போட்டால் 'காத்திருக்கவும்' என்று எழுத்து வருகிறது, அவ்வளவுதான். காத்திருந்து காத்திருந்து கண் பூத்ததுதான் மிச்சம். டிஸ்க்கும் உள்ளே மாட்டிக்கொண்டது. மூன்று கடையில், "போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க" என்று கையை விரித்தார்கள். டிஸ்க் போனால் வீட்டம்மா டிவியில் வந்ததற்குச் சாட்சியே கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவிக்காகப் பார்க்கவேண்டியிருந்தது அந்த ஒன்றைத்தான்.

நாலாவது கடை ஒரு பெண்ணுடையது. 'இந்தம்மா என்னத்தைப் பண்ணிடப் போறாங்க' என்ற நினைப்போடுதான் லாரிக்காரர் உட்கார்ந்தார். மெக்கானிக்கம்மா மூடியைக் கழற்றினார். எதையும் தொடவில்லை, குனிந்து பார்த்தார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து முடி காயவைக்கிற டிரையரை எடுத்தார்.

"என்னம்மா, மெஷினுக்குத் தலை காயவைக்கப் போறீங்களா?"

"ஆமாண்ணே, ஜலதோஷம் பிடிச்சிருக்கு" என்றார் அவர், சிரிக்காமல். கரண்ட் பகுதியில் சின்ன டப்பா மாதிரி நின்ற இரண்டு கெப்பாசிட்டர்கள் மேல் மட்டும் சூட்டுக் காற்றைக் காட்டினார். ஒரு நிமிஷம். மெஷின் திடுதிப்பென்று உயிர் பெற்றது. "பார்த்தீங்களா? இதுங்க தலை உப்பிப் போச்சு. சூடு ஏறினாத்தான் வேலை செய்யும். போர்டுக்கு ஒண்ணும் ஆகல."

லாரிக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. குளிர்காலக் காலையில் அவருடைய லாரியும் இதே வம்புதான் பண்ணும். அடேயப்பா, மூன்று கடைக்காரர்களுக்கு எட்டாதது இந்தம்மாவுக்கு டிரையரில் எட்டிவிட்டதே!

பிளக்கை உருவி, உள்ளே தங்கிய கரண்ட் இறங்கும்வரை பொறுத்து, இரண்டையும் மாற்றினார். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் கடுகளவுகூடப் பிசிறவில்லை. மறுபடி போட்டதும் டிஸ்க் உள்ளே சுழன்றது. திரையில், 'டிஸ்க் காலி. ஃபார்மட் செய்யவா?' என்று வந்தது.

ரிமோட் லாரிக்காரர் கையில் இருந்தது. மெஷின் மரியாதையாகக் கேட்கிறதே என்று ஓகே பட்டனுக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

"அய்யய்யோ, அமுக்கிடாதீங்க!" மெக்கானிக்கம்மா பாய்ந்து ரிமோட்டைப் பிடுங்கினார். "அமுக்கியிருந்தீங்கன்னா மொத்தமும் அழிஞ்சிருக்கும். டிஸ்க் காலி இல்லண்ணே. லென்ஸ்ல அழுக்கு, அதான் மெஷினுக்குக் கண்ணு தெரியல."

லாரிக்காரர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மெக்கானிக்கம்மா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, தூங்குகிற குழந்தையின் கண்ணைத் துடைப்பது போல லென்ஸைத் துடைத்தார். மூன்றாவது முறை சுழன்றபோது படம் வந்தது.

தார்ப்பாய்க் குவியலுக்கு நடுவில் வீட்டம்மா. தலைமுடி இன்னும் நரைக்கவில்லை. கேள்வி கேட்டவளுக்கே ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன தைரியம், என்ன பேச்சு! இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு, பார்க்காமல் தூங்கினோமே என்று லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப பார்த்துட்டிருப்பாரா?" என்று டிவிக்காரி கேட்டாள்.

"அவரா? வண்டிய ஓரங்கட்டிட்டு நல்லாத் தூங்கிட்டிருப்பார்" என்றார் வீட்டம்மா, கண்ணைச் சிமிட்டி. "நாளைக்கு வந்து 'பார்த்தேன், பிரமாதம்'னு சொல்லுவார் பாருங்க. சொல்லட்டும். தூக்கக் கலக்கத்துல ஓட்டுறதுக்கு அந்தப் பொய் எவ்வளவோ தேவலை."

மெக்கானிக்கம்மா திரையைப் பார்க்காதது மாதிரி ஸ்க்ரூக்களை எண்ண ஆரம்பித்தார். லாரிக்காரர் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"நான் அன்னிக்குப் பார்க்கல."

"தெரியும். மெஷின் சரியாயிடுச்சா?"

"தெரியுமா? பதினோரு வருஷமாவா?"

"நேரலைலதானே சொன்னேன்? உங்க ஆபீஸ் கிளீனர்லேர்ந்து எதிர்வீட்டு வாத்தியார் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்."

"பாவிங்களா, ஒருத்தனும் என்கிட்ட சொல்லலியே!"

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் வீடு வீடாப் போய்க் கேட்டுக்கிட்டேன்" என்றார் வீட்டம்மா. "அலுத்துப்போய் வந்து ஆசையா ஒரு வார்த்தை சொல்றீங்க. அதைப் போய் யாராவது கிண்டல் பண்ணா எனக்குத் தாங்காது."