வையாத வாய்

என் வாய்க்குச் சிங்காநல்லூரில் தனிப் பேர் உண்டு. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் சென்னகிருஷ்ணன் அண்ணன், மாடியில் நான் கத்த ஆரம்பித்தால் லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார். பிறகு டீக்கடையில் பார்த்தால், "இன்னைக்கு ஆருங்க அம்மணி மாட்டுனது?" என்று விசாரிப்பார். பெரும்பாலும் மாட்டுவது ஆல்வின்தான்.

ஆல்வினும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. எங்கள் இருவர் வீட்டிலும் அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டவர் கிடையாது. ஒட்டுக்காகப் படித்தோம், ஒட்டுக்காக வேலை தேடி அலைந்தோம், கடைசியில் ஒட்டுக்காகவே இந்தக் கம்பெனியை ஆரம்பித்தோம். மில்களுக்குச் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பது தொழில். உள்ளே நடக்கிற சோலி எல்லாம் என்னுடையது. திரையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவனுடையது.

பெருந்துறையில் ஒரு நூல் மில்லுக்கு அவன் செய்த திரையில், வேலை முடித்து வெளியேறும் பட்டனுக்கு 'வாரேனுங்க' என்று பேர் வைத்தான். பார்த்ததும் நான் வைது தீர்த்தேன். லாக்அவுட் என்று ஊரே போடுகிறது, உனக்கு மட்டும் என்ன குசும்பு என்று கேட்டேன்.

"ஷிஃப்ட் முடிஞ்சு ஊட்டுக்குப் போறவங்களப் பாத்து வெளியேறுன்னு சொன்னா, தொரத்தியுடறாப்புல இருக்குமல்ல அம்மணி?" என்றான்.

மில்லில் அந்தப் பட்டனைப் பிடிக்காத ஆளே இல்லை.

போன வருஷம் ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு லாரி அவன் பைக்கை இடித்தது. தலையில் அடி. பிழைத்துவிட்டான். நடந்தான், பேசினான், கிண்டல் செய்தான். பழசு எல்லாம் நினைவில் இருந்தது. புதுசாகக் கற்பதுதான் மனசில் நிற்கவில்லை. இன்று சொல்லிக்கொடுத்தது நாளைக் காலையில் அவனிடம் இருக்காது. இதற்கு மேல் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் அவன் மனைவியிடமும் என்னிடமும் சொன்னார். அவனிடம் நாங்கள் பூசி மெழுகினோம்.

ஆனால் வியூவில் அவன் விரல்கள் பழையபடியே ஓடின. வியூ என்பது ஒரு ஃபிரேம்வொர்க். பட்டன், பட்டியல், படம் என்று திரையில் வருவதையெல்லாம் அடியிலிருந்து எழுதாமல் கட்டிக்கொள்ள உதவும் ஆயத்தச் சட்டகம். அதன் பழைய பதிப்பில்தான் எங்கள் திரைகள் எல்லாம் இருந்தன. அது இருக்கும்வரை ஆல்வினுக்கு நாற்காலி இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதிக்கும் வந்தது கெரகம். பெருந்துறை மில்லை இப்போது கவனிப்பது முதலாளியின் மகள் ரித்திகா. அவள் போன் செய்தாள். "அக்கா, நம்ம திரையெல்லாம் இருக்கிற அந்தப் பழைய பதிப்புக்கு ஆதரவு நின்னு போச்சாம். ஆடிட்ல மாத்தச் சொல்றாங்க. எதுல மாத்தலாம்னு பாத்துச் சொல்லுங்க."

வழி இரண்டு. ஒன்று, ஊரெல்லாம் ஓடுகிற ரியாக்ட் என்ற வேறொரு ஃபிரேம்வொர்க். அதில் ஆல்வின் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுசாகத் தொடங்குவது என்பதே அவனுக்கு இனிக் கிடையாது. இன்னொன்று, வியூவின் புதுப் பதிப்பு. அதில் அவன் பழகிய பாணியிலேயே பெரும்பாலும் எழுதலாம்.

என்னோடு வேலை செய்யும் ரிஃபானா கெட்டிக்காரி. "ரியாக்ட்தான்க்கா சரி. வேலைக்கு ஆள் சுலபமா கிடைக்கும். அந்த மில்லோட மத்த சாஃப்ட்வேரும் அதுலதான் இருக்கு" என்றாள். நான் வேகம், எடை, எளிமை என்று வியூவுக்காக என்னென்னவோ அளந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது தெரிந்தது. ஆல்வின் இருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

கடைசியில் ஒரே திரையை இரண்டிலும் செய்து ரித்திகாவிடம் காட்டுவது என்று முடிவு செய்தோம். ரியாக்ட் ரிஃபானாவுக்கு, புது வியூ ஆல்வினுக்கு.

புது வியூவில் நிரலை ஆரம்பிக்கும் வரி மாறிவிட்டது. ஆல்வின் காலையில் வந்து உட்கார்ந்து பழைய வரியை அடிப்பான். திரையில் சிவப்பாகப் பிழை வரும். "ஏனுங்க அம்மணி, இது என்ன இப்படிக் கத்துது?" என்று கூப்பிடுவான். நான் போய், "அது மாறிப்போச்சு ஆல்வின், இப்ப இப்படி எழுதோணும்" என்று காட்டுவேன். "அட, இவ்வளவுதானா" என்பான். அதன்பிறகு பொழுதுக்கும் நன்றாகவே ஓட்டுவான். மறுநாள் காலை மறுபடி பழைய வரி, மறுபடி சிவப்பு, மறுபடி ஏனுங்க அம்மணி. ஏற்கெனவே எழுதியதைத் திறந்து பார்க்கவும் தோன்றாது அவனுக்கு. அதை எழுதியதே நினைவில் இருக்காது.

நான் ஒவ்வொரு நாளும் முதல் தடவை சொல்வது போலவே சொன்னேன். சொல்லிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொள்வேன்.

ரித்திகா நேரில் வந்தாள். இரண்டு திரையையும் ஓட்டிக் காட்டினோம். இரண்டும் ஓடின. ஆல்வின் செய்தது அழகாகக்கூட இருந்தது.

"ரெண்டுமே நல்லாத்தானுங்கக்கா இருக்குது. நீங்க எதச் சொல்றீங்களோ அதுவே இருக்கட்டும்" என்றாள் ரித்திகா.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆல்வின் முந்திக்கொண்டான். "ரியாக்ட்டே வெச்சுக்கலாமுங்க."

"ஏனுங்க, அந்த இன்னொண்ணுதானுங்களே நீங்க செஞ்சது?"

"ஆமாங்க. ஆனா என்ற சோலிய நாளைக்கு இன்னொருத்தரு எடுத்துப் பாக்கோணுமல்லங்க. ரியாக்ட்டுன்னா ஆள் கெடைக்கும்."

ரித்திகா சரி என்றாள். அந்த 'வாரேனுங்க' பட்டன் மட்டும் இருக்கட்டும் என்றாள். அதை அப்படியேதான் வைத்திருக்கிறேன் என்றாள் ரிஃபானா.

ரித்திகாவை வழியனுப்பிவிட்டு ஆல்வினைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அப்படிச் சொன்ன? உனக்குத்தான் புதுசு வருதே. நேத்துக்கூட நீயே செஞ்சயே."

"நானேவா செஞ்சேன்?"

நான் திரும்பி அவன் திரையை அணைத்தேன்.

"நேத்து என்ன கேட்டேன்னு எனக்கு ஞாபகமில்ல அம்மணி. ஆனா இப்பெல்லாம் நீ என்னைய வையறதே இல்ல. அது மட்டும் எப்படியோ உள்ள நிக்குது. முன்னெல்லாம் ஒரு கமா உட்டுப்போட்டா கூரையப் பேத்துருவ. இப்ப கொழந்தைக்குச் சோறு ஊட்டறாப்புலச் சொல்ற. உன்ற வாயே அடங்கிப்போச்சுன்னா, நான் எத்தன தடவ கேட்டிருக்கோணும்?"

நான் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "நீ எதையும் செய்ய வேண்டாம். சும்மா இங்க ஒக்காந்திரு. இது உன்ற கம்பெனி."

"சும்மா ஒக்காந்து திங்கறதுக்கு இதென்ன மாமியா ஊடா?" என்று சிரித்தான். "என்ற சம்சாரம் போத்தனூர்ல டிபன் கடை போட்டிருக்கறாளல்ல, அங்க நிக்கறேன். தோசைக்கு ஒண்ணும் புதுப் பதிப்பு வரப்போறதில்ல."

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் மேஜையைத் துடைத்தான். நாற்காலியை உள்ளே தள்ளினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் போய்த் திரும்பினான்.

"அப்ப போறேன் அம்மணி."

எங்கள் பக்கம் கிளம்புகிறவர் வாயில் வரக் கூடாத சொல் அது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"போறேன்னு சொல்லாத சொல்லாதன்னு எத்தன தடவைடா உனக்குச் சொல்றது? அறிவு கெட்டவனே, வாயில நல்ல வார்த்தையே வராதா? வாரேன்னு சொல்லித் தொலையேன்டா."

கீழே லேத் நின்றது.

ஆல்வின் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். "இதக் கேக்கத்தான் அம்மணி அப்படிச் சொன்னேன்" என்றான். "வாரேனுங்க."

அவன் படியிறங்கும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். பட்டறை வாசலில் சென்னகிருஷ்ணன் அண்ணன் அவனைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஆல்வினு, ரொம்ப நாளைக்கப்பறம் சத்தம் கேட்டுது? இன்னைக்கு ஆரு மாட்டுனது?"

"நானேதானுங்க அண்ணா" என்றான். அவன் குரலில் இருந்த பெருமை மாடி வரைக்கும் கேட்டது.

அதன்பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. லேத் மறுபடி ஓட வெகுநேரம் ஆயிற்று.