பதினோரு ஆண்டவரே

"அந்தக் கட்டு கோணலா இருக்கு" என்றாள் ஒக்பூன்.

பிணத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். ஐம்பது வயது மனிதர், பொறுமைசாலி. அவள் புருஷன் பேக் சாங்சூவின் நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த சணல் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து அறையில் சபை ஆட்கள் இருபது பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"அம்மா, இங்கயுமா?" மகள் ஹேரிம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஒக்பூன் முடிச்சிலிருந்து கண்ணை எடுத்தாள். அவள் பிழைப்பே குறை பார்ப்பதுதான். கோஜே தீவின் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம். பெயின்ட் அடித்து முடித்த கப்பல் டேங்குக்குள் டார்ச்சோடு இறங்கி, விட்டுப்போன இடத்தைத் தேடிப்பிடித்துத் தூரிகையால் தொட்டுவிட வேண்டும். ஊசிமுனை அளவு விட்டாலும் துரு அங்கேதான் பிடிக்கும். அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை. மகளின் மார்க், புருஷனின் சட்டைக் காலர், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தனுப்பும் கிம்ச்சி, எதிலும் விட்டுப்போனதுதான் முதலில் தெரிந்தது.

சாங்சூ அதே பட்டறையில் வெல்டர். அவர்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் ஜெபம் முறைவைத்து வரும். எழுதிக்கொண்டுபோய் மேடையேறிப் படிக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் சாங்சூவின் முறை வந்தபோது ஏழு நிமிஷம் ஜெபித்தார். திரும்பி வருகையில், பஸ்ஸில் நாலு பேர் கேட்க, சொன்னதையே சொன்னீங்க, பின்னாடி பெஞ்சுல சிரிச்சாங்க, எனக்கு மூஞ்சி எரிஞ்சுது என்றாள் ஒக்பூன். அதன்பிறகு முறை வரும்போதெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த மாதம் மூப்பர் மா பான்சுல் விடவில்லை. சாங்சூவோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தவர். "உன் ஜெபத்தைக் கேட்டு ஆறு வருஷமாச்சுடா" என்றார் சர்ச் வாசலில். "மத்தவன்லாம் சபைக்குக் கேக்கணும்னு ஜெபிக்கிறான். நீ ஒருத்தன்தான் ஆண்டவர்கிட்ட பேசின." சாங்சூ காது சிவந்து நின்றார். போன ஞாயிறு சபைத் தாளில் அடுத்த வார ஜெபத்துக்கு அவர் பேர் அச்சாகி வந்தது. அதை அவர் மடித்துப் பர்ஸில் வைப்பதை ஒக்பூன் பார்த்தாள்.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்ததும், கொஞ்சம் கேட்டுப் பாரேன் என்று தாளோடு வந்து நின்றார். மேடையில் நிற்பதுபோலவே விறைப்பாக நின்று படித்தார். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் கையைத் தூக்கினாள்.

"பதினோரு 'ஆண்டவரே.' எண்ணிட்டேன். அவருக்கென்ன காது கேக்காதா? நாலு போதும், மிச்சத்தை அடிங்க."

"பின்பக்கம் இன்னும் இருக்கு."

"முதல்ல இதைச் சரி பண்ணுங்க."

அவர் தாளை மடித்தார். வெள்ளி காலை, பட்டறையில் உடை மாற்றும் அறையில், ஒரு காலில் பூட்ஸ் போட்டுவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இன்று சனிக்கிழமை. முகத்தை மூடுமுன் ஜெபம். மூப்பர் மா பான்சுல் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். சவப்பெட்டிக்குள் வைப்பதற்காக ஹேரிம் அப்பாவின் பைபிளை அம்மாவிடம் கொடுத்தாள். அதன் தோல் உறையின் ஜிப் பாதி திறந்திருந்தது. இழுத்து மூடப் போன ஒக்பூனின் விரலில் அந்த ஜெபத் தாள் தட்டியது.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்திருந்தார். ஏழு இடம். மிச்சம் சரியாக நாலு.

"மூப்பரே" என்றாள். "நாளைக்கு ஜெபம் அவரு முறை. இப்பவே நான் படிச்சிடறேன்."

மா பான்சுல் போதகரைப் பார்த்தார். போதகர் தலையசைத்தார்.

"ஆண்டவரே, இந்த வாரமும் உயிரோட வந்து சேந்தோம், ஆண்டவரே. டேங்குக்குள்ள எறங்குனவங்க அத்தனை பேரையும் மேல ஏத்தி விட்டீங்க, ஆண்டவரே..."

அடித்ததையும் படித்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. பின்பெஞ்சில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்தச் சுவரோரம் நின்றிருந்தார்கள். இன்று சிரிக்கவில்லை. பதினொன்றும் முடிந்ததும் தாளைத் திருப்பினாள்.

பின்பக்கம் எழுத்து பொடியாக இருந்தது.

"என் வீட்டுக்காரிக்கு நல்ல கண்ணு குடுத்திருக்கீங்க. அவ தொட்டுவிட்ட இடம் துருப்பிடிச்சு நான் பாத்ததில்ல..."

அங்கே குரல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த இரண்டு வரியை உதடு மட்டும் படித்தது. ஹேரிம் எட்டிப் பார்ப்பதற்குள் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்து ஜிப்பை முழுக்க மூடினாள். மா பான்சுல் ஆமென் என்றார். மற்றவர்களும் சொன்னார்கள்.

முகத்தை மூடினார்கள். பைபிளோடு பெட்டிக்குள் இறக்கினார்கள். மூடியை இரண்டு பேர் தூக்கி வந்து, அவள் முன்னால் ஒரு கணம் சாய்த்துப் பிடித்தார்கள். விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு வார்னிஷ் படாத இடம், வெளுத்த மரம் அப்படியே தெரிந்தது.

துணி சுற்றியவர் அவள் பார்வையைக் கவனித்துவிட்டார். "என்னம்மா, ஏதாச்சும் சரி பண்ணணுமா?"

ஹேரிம் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

ஒக்பூன் அந்த இடத்தின்மேல் கையை வைத்தாள்.

"இல்லைங்க" என்றாள். "நல்லா பண்ணியிருக்கீங்க."

அவர் குனிந்து வணங்கினார். மூடியைப் பொருத்த வேண்டும். அவள் கையை எடுக்கட்டும் என்று மூடியைத் தாங்கியபடி இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.