ரப்பர் பழகிய கை

மதிப்பெண்ணைப் பார்க்க வார்டு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அழுதால் யாருக்கும் தெரியாது என்று ஒரு முன்யோசனை. தேற அறுபது வேண்டும். செல்போன் நாற்பத்து மூன்று என்றது. அழுகை வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன், அவ்வளவுதான்.

நான் ஒப்பந்த நர்ஸ். பல வருடமாக அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தகுதித் தேர்வில் தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டவேண்டியதுதான். ஓர் ஆளுக்கு இரண்டே வாய்ப்பு. ஒன்றைத் தொலைத்தாயிற்று. மறுதேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். வீட்டில் பழைய வினாத்தாள்களை எடுத்து வெறுந்தாளில் விடை எழுதிப் பார்க்கும்போது எழுபதுக்குக் கீழே நான் இறங்கியதே இல்லை. தேர்வுக் கூடத்துக்குப் போனதும் எந்தப் பேய் பிடித்தது?

"பயம், வேற ஒண்ணுமில்ல," என்றார் கணவர்.

"பயத்துக்கு எந்தக் கடையில மாத்திரை விக்குதுன்னு சொல்லுங்க, வாங்கிப் போட்டுக்கறேன்," என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் படித்தேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. தெரிந்த எனக்கே நாற்பத்து மூன்று என்றால், இனி எதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

கடைசியில் வழியைக் காட்டியது என் நாத்தனார். எங்களோடுதான் இருக்கிறாள், அச்சகத்தில் வேலை, வாய் சும்மா இருக்காது. தேர்வில் கொடுப்பது போலவே வட்டம் வட்டமாக விடைத்தாள்களை அச்சடித்துக்கொண்டு வந்தாள்.

"இதுல பென்சிலால வட்டத்தைக் கறுப்பாக்குங்க அண்ணி. வெறுந்தாள்ல கிறுக்கறதெல்லாம் ஒரு பரீட்சையா?"

எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்தாள். பாதியில் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"இது என்ன கோடு?"

"தப்பா போட்டுட்டேன். அடிச்சுட்டு சரியானதைப் போட்டிருக்கேன்."

"சரி. பக்கத்துல கையெழுத்து எதுக்கு?"

குனிந்து பார்த்தேன். ஆமாம், என் சுருக்கக் கையெழுத்துதான். போட்டதே எனக்குத் தெரியாது.

"பரீட்சையிலயும் இப்படித்தான் போட்டுட்டு வந்தீங்களா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி! திருத்தற மெஷினுக்கு உங்க கையெழுத்தைக் கண்டா என்ன மரியாதை? ரெண்டு வட்டம் கறுப்பா இருந்தா அந்தக் கேள்விக்கே முட்டைதான்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளியின் மருந்துத் தாளில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது தெரியவேண்டும், பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அழித்து எழுதிய ஒருத்தியை அன்றைக்கே வெளியே அனுப்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவள் படியில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

அன்று தொடங்கியது எனக்கு அழிக்கும் பயிற்சி. நாத்தனார் வேண்டுமென்றே தப்பான வட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்வாள். பிறகு ரப்பரை நீட்டுவாள். முதல் நாள் திருட்டுக்குப் போகிறவள் மாதிரி கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அழிங்க! போலீஸா வரப்போகுது? நல்லா அழுத்தி அழிங்க!"

கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. தப்பு என்று மனதில் பட்டதும் கை தானாக ரப்பருக்குப் போனது. மதிப்பெண் எழுபத்தைந்து, எழுபத்தெட்டு என்று ஏறியது. "இப்பத்தான் கை வழிக்கு வந்திருக்கு," என்றாள் நாத்தனார். நானும் பெருமைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மறுதேர்வுக்கு முந்தைய வாரம், பகல் பணி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். கட்டைவிரலில் நீல மை.

எங்கே பட்டது? பேனா ஒழுகவில்லை. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தோன்றியது. 

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். சர்க்கரை நோய், காலில் புண். தினமும் சாயங்காலம் பதினெட்டு யூனிட் இன்சுலின். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இன்னிக்கு எட்டு போதும்" என்றார் டாக்டர். நான் பழக்கத்தில் பதினெட்டு என்று எழுதினேன். தப்பு என்று மனதில் பட்டது. அந்த நொடியே கட்டைவிரல் போய் ஈர மையில் எட்டுக்கு முன்னால் இருந்த ஒன்றைத் தேய்த்துவிட்டது. நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஞாபகம் இல்லை. ஒன்று முழுசாக அழிந்ததா? பாதி தெரிந்தால்? சாப்பிடாத உடம்பில் பதினெட்டு ஏறினால் மனுஷன் தூங்குகிற மாதிரியே போய்விடுவார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

கண்டக்டர் ஏதோ திட்டினார். இறங்கி ஓடினேன். வார்டுக்குப் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. சாயங்கால ஊசி நேரம், எவள் எடுப்பாள்? செருப்பு வார் அறுந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். வழியில் எனக்கு எந்தச் சாமி பெயரும் வரவில்லை. எட்டு, எட்டு, எட்டு என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

மாற்றுப் பணிக்கு வந்திருந்த சின்னப் பெண் அவர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். ஊசி அவள் கையில்.

"போடாதடி!"

வார்டு முழுவதும் திரும்பியது. ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பதினெட்டு. அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, ஊசி மாறிப்போச்சா?" என்றார் தையல்காரர்.

"ஒண்ணுமில்லய்யா," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

சின்னப் பெண் என்னை மருந்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மங்கலாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணுன்னுதான் தெரிஞ்சுது அக்கா. விடுங்க, ஒண்ணும் ஆகலையே. பரீட்சை நேரத்துல இதைப் போய் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லாமல் இருக்கத்தான் ஆசை. மனதாரச் சொல்கிறேன், அவ்வளவு ஆசை. ஆனால் அந்த விரலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நேராகப் பெரிய சிஸ்டரிடம் போய் விரலை நீட்டிக் காட்டினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

"நடந்ததை எழுதிக் கொடு," என்றார். "மேல அனுப்புவேன். அவங்க உன் வேலையை என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. பரீட்சையை விட்டுடாத."

மறுதேர்வு நாள். கூடத்தில் ஃபேன் சத்தம், பென்சில் சத்தம். பாதிக்கு மேல் வந்த பிறகு பார்க்கிறேன், ஒரு கேள்வியை விட்டுவிட்டு எழுதியதில் அதற்குப் பின் எல்லா வட்டமும் ஒரு வரிசை தள்ளிப் போயிருக்கிறது.  அழித்தே ஆகவேண்டும், ஒன்றல்ல, ஒரு பத்தி முழுவதும். ரப்பரை எடுத்தேன். கை எழவில்லை. ஒவ்வொரு கறுப்பு வட்டத்துக்குக் கீழேயும் யாரோ சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பது போலிருந்தது.

"இது வெறும் தாள்டி, இதுல யார் உசுரும் இல்லடி," என்று எனக்கு நானே முணுமுணுத்தேன்.

"அங்க என்ன பேச்சு?" என்றார் மேற்பார்வையாளர்.

அழித்தேன். ஒவ்வொன்றையும் அழித்து, கேள்வி எண்ணை இரண்டு முறை பார்த்து, மறுபடி கறுப்பாக்கினேன். மணி அடித்தபோது கடைசி வட்டத்தில் இருந்தேன்.

எழுபத்தொன்று. எழுதிக் கொடுத்ததற்கு எச்சரிக்கை ஓலை ஒன்று வந்தது, வேலை போகவில்லை. நாத்தனார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சில நாள் கழித்து, குணமாகி வீட்டுக்குப் போயிருந்த தையல்காரர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். அன்று ரத்தம் எடுக்கும் மேசையில் நான்தான். காத்திருந்தவர்கள் எல்லார் முன்பும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ் பண்ணிட்டியாமே! எனக்கு அப்பவே தெரியும். ராசியான கைம்மா இது. இந்தக் கை பட்டுத்தான் நான் எழுந்து நடக்கறேன்."

வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்.

"இல்லய்யா," என்றேன். "அன்னிக்கு நான் ஓடி வந்தேனே, ஞாபகம் இருக்கா? உங்க மருந்துக் கணக்கைத் தப்பா எழுதி அழிச்சது நான்தான். அந்த ஊசி ஏறியிருந்தா நீங்க இன்னிக்கு இல்ல."

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிடித்திருந்த கையை மெதுவாக விட்டார். ஊசிக்காக நீட்டி வைத்திருந்த தன் கையையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா," என்றார். "வேற சிஸ்டர் யாராவது இருந்தா கூப்பிடறியா?"

எழுந்து போய்க் கூப்பிட்டேன்.