சுவருக்குப் போன வைக்கோல்

லாரி சந்தாபுராவுக்குள் நுழைந்தபோது முத்தம்மா பால் ஊற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். லாரி நிறைய வைக்கோல். உதிரி வைக்கோல் இல்லை, மெஷினில் அழுத்தி, சதுரம் சதுரமாக நைலான் கயிற்றால் இறுக்கிய கட்டுகள். அது 2003-ம் வருஷத்துக் கோடை. மழை பொய்த்து, ஆனேக்கல் பக்கம் முழுக்கப் புல் கருகிக் கிடந்தது. சர்க்கார் மாட்டுத் தீவனம் கொடுக்கப்போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதுதான் வந்துவிட்டதாக நினைத்து, காலிக் கேனைக் கையில் பிடித்தபடி அவள் லாரிக்குப் பின்னாலேயே நடந்தாள்.

லாரி ஊர்க்கோடியில் போய் நின்றது. நகரத்து மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஸ்ரீவித்யா என்பவள் அங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கல் அஸ்திவாரம் மட்டும் எழும்பியிருந்தது. லிங்கராஜபுரத்து மேஸ்திரி இளங்கோவனின் ஆட்கள் கட்டுகளை இறக்கி அடுக்கத் தொடங்கினார்கள்.

இத்தனை வைக்கோல் தின்ன இவர்களிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று முத்தம்மா மேஸ்திரியைக் கேட்டாள். மாடு இல்லை, சுவர் வைக்கப்போகிறோம் என்றார் இளங்கோவன். அவள் சிரித்துவிட்டாள். அவர் கேலி பண்ணுகிறார் என்று நினைத்தாள். அவர் முகம் மாறாததைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஸ்ரீவித்யாவுக்கு நாற்பத்தைந்து வயது. அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். இவள் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிடிக்காமல் வேலையை விட்டவள். வைக்கோல் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, மூங்கில் கழி குத்தி, இரண்டு பக்கமும் மண்ணும் சுண்ணாம்பும் பூசினால் வெயிலே உள்ளே வராத வீடு கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். சிமென்ட் வேண்டாம், சூளைச் செங்கல் வேண்டாம். கணவர் சுதீர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்தார். அவளை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

முத்தம்மா அன்றே அவளிடம் போய் இரண்டு கட்டு கேட்டாள். விலைக்குத்தான் கேட்டாள். அவளிடம் ஒரு கறுப்புச் சினைப் பசுவும் ஒரு சிவப்புக் கிடேரியும் இருந்தன. புருஷன் போன பிறகு அவற்றை வைத்துத்தான் பிழைப்பு. சுவருக்குக் கணக்காக வாங்கியிருக்கிறேன், ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும் என்றாள் ஸ்ரீவித்யா. அதோடு விட்டிருக்கலாம். மண்டியா பக்கம் மெஷின் அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே எரித்துவிடுகிறார்கள், அப்படி வீணாகப் போவதைத்தான் நான் காப்பாற்றி எடுத்து வந்திருக்கிறேன் என்று வகுப்பில் பேசுவதுபோல விளக்கவும் செய்தாள்.

"எந்த ஊர்லயோ எரிக்கறாங்கன்னு என் மாட்டுக்கிட்டப் போயி சொல்லட்டுமா மேடம்?" என்றாள் முத்தம்மா. "வாய்க்குப் போறதை சுவத்துல வெச்சுப் பூசுறீங்க. நல்லா இருங்க."

அன்றிலிருந்து ஊர் அந்த மனையைப் பகைத்தது. பக்கத்து போர்வெல்காரர் வேலைக்குத் தண்ணீர் தர மறுத்தார். டீக்கடையில் மேஸ்திரியின் ஆட்களுக்குக் கடைசியில்தான் டம்ளர் வந்தது. மேய்ச்சலுக்கு ஒன்றும் இல்லாத மாடுகளை வேண்டுமென்றே அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவை வேலியோரம் நின்று கட்டுகளைப் பார்த்துக் கத்தின. ஸ்ரீவித்யா முள்கம்பி போட்டாள். கம்பி போட்ட அன்று யாரோ கேட்டில் சாணி அடித்துவிட்டுப் போனார்கள். அவள் கழுவவில்லை. நீங்கள் செய்ததை நீங்களே பாருங்கள் என்பதுபோல அப்படியே காய விட்டாள்.

ஒரு பத்திரிகைக்காரி வந்து அந்த வீட்டைப் பற்றி எழுதிவிட்டுப் போனாள். ஸ்ரீவித்யா அவளிடமும், வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமும் பெருமையாகச் சொன்ன விஷயம் ஒன்றுதான். இது சுத்தமான வீடு. ஒரு சொட்டு பூச்சி மருந்து கிடையாது. முத்தம்மாவும் அப்போது வேலிக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுவர்கள் எழும்பி, பூச்சு தொடங்குவதற்குள் கரையான் வந்துவிட்டது. அடி வரிசைக் கட்டுகளில் மண் கோடு ஓடியிருப்பதை இளங்கோவன் காட்டினார். வேப்பெண்ணெய் தெளித்தார்கள், சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தார்கள். கோடு ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டு, சுதீரும் இளங்கோவனும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கரையான் மருந்து அடித்தார்கள். மிச்சமாக அடுக்கியிருந்த கட்டுகளிலும் அடித்தார்கள். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஸ்ரீவித்யாதான் சொன்னாள். டப்பாக்களை சுதீர் காரில் எடுத்துப்போய் வேறெங்கோ போட்டுவிட்டு வந்தார்.

பூச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தபோது முத்தம்மா மறுபடி வந்தாள். அவள் அந்தக் கேட்டுக்கு வந்து வெகுநாளாகியிருந்தது. கறுப்புப் பசுவுக்கு விலா எலும்பு தெரிகிறது, கன்று போடும் நேரம், சோளத்தட்டு வாங்கலாம் என்றால் எங்கேயும் இல்லை என்றாள். சுவர்தான் முடிந்துவிட்டதே, மிச்சம் கிடப்பதில் ரெண்டு கட்டு கொடுங்கள் என்று கேட்டாள். குரலில் பழைய எகத்தாளம் இல்லை.

ஸ்ரீவித்யாவுக்கு முகம் சூடானது. "அது வேண்டாம் முத்தம்மா. அதுல மருந்து அடிச்சிருக்கு. மாடு தின்னா ஆகாது."

முத்தம்மா உள்ளே அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தாள். "மருந்தா? ஒரு சொட்டு கிடையாதுன்னு பேப்பர்காரிகிட்ட சொன்னீங்களே."

"அது அப்போ. இப்போ அடிச்சிருக்கு."

"இல்லேன்னு சொல்ல இஷ்டம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. எதுக்குப் பொய் பேசணும்? அழுகினாலும் அழுகட்டும், அந்த மாட்டுக்காரிக்கு மட்டும் போகக் கூடாது. அவ்வளவுதானே?"

இளங்கோவனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்திருக்கலாம். ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஸ்ரீவித்யா இரண்டையும் செய்யவில்லை. பொய்க்காரி என்று முகத்துக்கு நேரே சொன்னவளுக்கு இதற்கு மேல் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கோபம் வந்தது. "நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முத்தம்மா கம்பியை அறுத்து உள்ளே வந்தாள். இரண்டு கட்டுகளை இழுத்துக்கொண்டு போனாள். ஒளிந்து செய்யவில்லை, பட்டப்பகலில் தெரு வழியாகத்தான் இழுத்துப் போனாள். பார்த்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெண் கூடவே கை கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் கறுப்புப் பசுவின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. உடம்பு வெடவெடத்தது. பின்னங்கால் மடிந்து கீழே விழுந்தது. கிடேரி குறைவாகத் தின்றிருந்தது, அது தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. மாட்டு டாக்டர் கிருஷ்ணப்பா ஸ்கூட்டரில் வந்தார். கண்ணைப் பிதுக்கிப் பார்த்ததுமே என்ன தின்றது என்று கேட்டார். முத்தம்மா சொன்னாள். அது என்ன மருந்து என்று தெரிந்தால் நல்லது, ஓடு என்றார்.

முத்தம்மா போகவில்லை. கை கொடுத்த பெண்தான் ஓடினாள். விஷயத்தைக் கேட்ட ஸ்ரீவித்யா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடிவந்தாள். மருந்தின் பெயரை டாக்டரிடம் அவளே சொன்னாள். அவர் இரண்டு மாட்டுக்கும் ஊசி போட்டார், மறுபடியும் போட்டார். கிடேரியின் நடுக்கம் மெல்ல அடங்கியது. கறுப்புப் பசு வயிற்றில் கன்றோடு அங்கேயே செத்துப்போனது.

கொட்டிலைச் சுற்றி ஊரே நின்றது. முத்தம்மா பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அழவில்லை.

"மருந்து இல்லைன்னு சொன்னதும் நீதான். மருந்து இருக்குதுன்னு சொன்னதும் நீதான்" என்றாள். அவள் பேச்சில் ‘மேடம்’ போய்விட்டது. "எதை நம்பியிருக்கணும் நானு? சொல்லு."

நான் நேற்றே சொன்னேனே என்று ஸ்ரீவித்யா ஆரம்பித்தாள். கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான்.

மறுநாள் இளங்கோவனின் ஆட்கள் வேலைக்கு வரவில்லை. சுதீர் லீவு போட்டுவிட்டு வந்து வக்கீல் ஒருவரிடம் பேசினார். "நம்ம மேல தப்பே இல்லை, வித்யா. நீ சொல்லிட்டே. வேலியை அறுத்துண்டு வந்து எடுத்தது அவ. கொஞ்ச நாள் பூட்டிண்டு போயிடலாம்" என்றார்.

"நான் சொன்னது அவ நம்பறதுக்காக இல்லை. நான் சொல்லிட்டேன்னு ஆகறதுக்காக" என்றாள் ஸ்ரீவித்யா.

மிச்சமிருந்த மருந்துக் கட்டுகளைப் பள்ளம் தோண்டிப் புதைக்கச் சுதீரிடம் சொன்னாள். பிறகு முதலில் கட்டுகளை அனுப்பிய மண்டியாக்காரருக்கு ஃபோன் செய்து, நேராக வயலிலிருந்து கட்டிய வைக்கோலாக ஒரு மினி லாரி அனுப்பச் சொன்னாள். அது வந்ததும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தானே முத்தம்மா வீட்டு வாசலில் இறக்க வந்தாள்.

முத்தம்மா கொட்டிலுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டாள். கிடேரி உள்ளே கத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அதற்குக் காகிதத்தைக் கஞ்சியில் ஊறவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது சுத்தமானது. வயல்லேர்ந்து நேரா வந்தது. ஒண்ணும் அடிக்கலை" என்றாள் ஸ்ரீவித்யா.

"நீ தின்னு" என்றாள் முத்தம்மா.

டிரைவர் சிரிக்கப் பார்த்தான். முத்தம்மா அவனைத் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டான். தெருவில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்.

"முதல்ல நீ தின்னு காட்டு. அப்புறம் என் மாடு தின்னட்டும்."

ஸ்ரீவித்யா ஒரு கட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி உருவினாள். வாயில் வைத்தாள். மென்றாள். வைக்கோல் தாள் உதட்டைக் கீறியது, புழுதி தொண்டையில் அடைத்தது. இருமல் வந்தது. துப்பிவிடலாமா என்று ஒரு கணம் முத்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இளக்கம் எதுவும் இல்லை. மறுபடி மென்று, கண்ணில் நீர் வர, முடிந்த மட்டும் விழுங்கினாள்.

முத்தம்மா அவள் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறமும் உடனே நகரவில்லை. வெகுநேரம் கழித்து அரிவாளால் கயிற்றை அறுத்து, ஒரு கை வைக்கோலை உதறிக் கிடேரியின் முன்னால் போட்டாள். "இறக்கிட்டுப் போ" என்றாள்.

ஜூனில் மழை பிடிக்கும் வரை லாரி இன்னும் சில தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்ரீவித்யா முதலில் தின்றுகாட்ட வேண்டியிருந்தது. இனி வேண்டாம் என்று முத்தம்மா ஒருபோதும் சொல்லவில்லை. ஸ்ரீவித்யாவும் கேட்கவில்லை.

வீடு அந்த வருஷக் கடைசியில் முடிந்தது. கோடையிலும் உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. சுதீரும் ஸ்ரீவித்யாவும் குடிவந்தார்கள். பால் அவர்களுக்கு ஆனேக்கல் ரோடு கடையிலிருந்து பாக்கெட்டில் வந்தது. சிவப்புக் கிடேரி அடுத்த வருஷம் கன்று போட்டது, முத்தம்மா மறுபடி வீடுவீடாகப் பால் ஊற்றத் தொடங்கினாள். காலையில் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். ஸ்ரீவித்யா வாசலில் நின்றால் முத்தம்மா தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறிப் போவாள். கேன் சத்தம் மூலை திரும்பும் வரை ஸ்ரீவித்யா அங்கேயே நிற்பாள்.