சின்னவளுக்குத் தனிச் சட்டி

சின்னவளுக்குக் கோதுமை ஆகாது என்று அந்த வீட்டில் முடிவானது ஒரு வயிற்றுவலியில். "கொஞ்ச நாளைக்குக் கோதுமையை நிறுத்துங்க, ரத்தப் பரிசோதனை வந்ததும் பாக்கலாம்" என்றார் டாக்டர். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் வீடே அவளைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே எதற்கெடுத்தாலும் அவள் ஓரகத்தி பெரியவளின் பேச்சுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற சின்னவளுக்கு "வந்துட்டியா" என்ற ஒரு சொல்லோடு சரி. இப்போதோ மாமனார்கூட, "சின்னவ சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைத்தார். அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை.

பெரியவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிச் சல்லடை என்று பிரித்து வைத்தாள். அரிசி மாவும் சோள மாவும் கலந்து ரொட்டி சுட்டாள். முதல் ரொட்டி செங்கல்லாக வந்தது. "சுவர் எழுப்பிடலாம்மா" என்றார் மாமனார். அடுத்தது மணலாக உதிர்ந்தது. கனிந்த வாழைப்பழமும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த பிறகுதான் ஒருவழியாகத் துண்டு போட முடிந்தது. அன்று பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சோயா சாஸில்கூடக் கோதுமை இருக்கும் என்று தெரிந்ததிலிருந்து, எந்தப் பொட்டலத்தையும் சன்னலருகே கொண்டுபோய்க் கண்ணை இடுக்கிப் படிக்காமல் அவள் பிரிப்பதில்லை.

சின்னவள் அந்த ரொட்டியைத் தின்று, "நல்லாருக்குக்கா" என்பாள். மதியம் கடைக்குப் பக்கத்து பேக்கரியில் வெண்ணெய் தடவிய பன் வாங்கிக்கொள்வாள்.

ஒருநாள் அவள் பன்னைக் கடித்த நேரத்தில் கடைக் கதவு திறந்தது. பெரியவள்.

"பொடி எழுத்தெல்லாம் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. படிக்கிற கண்ணாடி ஒண்ணு போட்டுக்கலாம்னு…" சிரித்துக்கொண்டே வந்தவள் பன்னைப் பார்த்துவிட்டாள்.

கையும் களவுமாகப் பிடிபட்ட சின்னவள் திட்டுக்குக் காத்திருந்தாள். பெரியவளோ ஓடிவந்து அவள் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினாள்.

"துப்பு! முதல்ல துப்புடி! யார் குடுத்தா இதை? தெரியாம தின்னுட்டியா? ஐயோ, வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

மூலையில் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்த கடை ஊழியர் தலை நிமிராமலே சொன்னார்: "பதறாதீங்கம்மா. அவங்க தினமும் திங்கிறதுதான்."

ஏந்திய கை அப்படியே நின்றது. சின்னவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"தினமுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அப்பவே டாக்டர் சொல்லிட்டார்."

பெரியவள் கையை மெல்ல இறக்கினாள். "நீ ஒருத்தி மட்டும் வேற தின்னா மனசு சங்கடப்படுமேன்னு நானும் உன்கூட அதையேதான் தின்னேன். எனக்கு அந்த வாழைப்பழ வாடையே ஆகாதுடி."

கண்ணாடி வாங்காமலே போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பெரியவள் மூச்சு விடவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். மாமனார் வழக்கம்போல, "சின்னவளுக்கு எடுத்து வச்சாச்சா?" என்றார்.

"எனக்குத் தனியா வேண்டாம் மாமா" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் ஏதாவது கேலி பேசிச் சிரிக்க வைப்பார் என்று நினைத்தாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

"ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றாள் பெரியவள், பொதுவாக.

மறுநாள் காலை சின்னவள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து அடுப்படிக்குள் போனாள். உப்பு எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முகமில்லை.

"மேல இருக்கு" என்றாள் பெரியவள். அன்று முழுக்க அவளிடம் பேசியது அவ்வளவுதான்.